விருத்தகிரி எடுத்த எட்டாவது படம்

விருத்தகிரி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2001இல், ப்ளஸ் டூவில் இரண்டு பாடம் போன ஒரு பையன், கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேர மர்மப் படம் ஒன்றை எடுத்தான். அதில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, பேய்கூடக் கிடையாது. பண்ருட்டியில் நடந்த உள்ளூர் கேபிள்காரர்கள் விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. 2003இல் சிதம்பரத்தில் சிறந்த ஒலிப்பதிவு. மைக்கை ஒட்டடைக்கோலில் கட்டி, கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றது அவன் அக்கா நீலாவதி. 2004இல் புதுச்சேரியில் இரண்டாம் பரிசு. அங்கே போட்டிக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லாரும் சினிமாப் படிப்பு படித்தவர்கள். 2005இல், ஊரெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்த வருஷம், ஒரு நாள்கூட வெயில் வராமல் எடுத்த ‘காலி ஆட்டோ’வுக்குக் கடலூரில் முதல் பரிசு. அடுத்த ஆண்டு நெய்வேலியில் இன்னொன்று.

கேடயமாக வராத வெற்றி ஒன்றும் உண்டு. நல்லூர் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பெண்ணழைப்புக்குப் போக வேண்டிய பெண்கள் பாதிப் பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ‘காலி ஆட்டோ’ ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் தகப்பனாரே உள்ளே வந்து, “யாரு செஞ்சான்னு தெரிஞ்சா நாமளும் கெளம்பிடலாம்” என்று உட்கார்ந்துகொண்டாராம். நீலாவதி இதையும் பரிசுக் கணக்கில்தான் சேர்ப்பாள்.

இத்தனை கேடயங்களும் விருத்தாசலம் கடைவீதியில், கேபிள் டிவியும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவும் நடத்தும், விருத்தகிரியின் முதலாளி ராஜாங்கத்தின் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: ‘இயக்கம்: ராஜாங்கம்’.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்றுதான் விருத்தகிரி பல காலம் நினைத்திருந்தான். கல்யாண வீடியோ தொழிலில் அதுதான் வழக்கம். விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன் ஒருவன். கேசட்டின் மேல் ஒட்டுகிற பெயர் ஸ்டூடியோக்காரருடையது. ஊரில் பீங்கான் பாத்திரம் செய்யும் கூடங்களிலும் அப்படித்தான். நீலாவதி எட்டாவதோடு நின்று, பதினைந்து வயதிலிருந்து டீக் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிறாள். கோப்பையின் அடியில் விழும் முத்திரை கம்பெனியுடையது. யாரும் அங்கே தன் பெயரைக் கீறிவைக்க முடியாது.

ஆனாலும் தம்பி விஷயத்தில் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு புதுப் படமும் சனிக்கிழமை சாயங்காலம் கேபிளில் தொடங்கும்போது, பெயர்கள் வந்து முடியும் வரை டிவியையே பார்த்திருப்பாள். கேமரா உதவி என்றுகூடத் தம்பியின் பெயர் வராது. “இதுலயும் இல்லியாடா?” என்பாள். “அடுத்த படத்துல போடறேன்னு சொல்லியிருக்காருக்கா” என்பான் அவன். ஏழு படங்களுக்கு இதே கேள்வி, இதே பதில்.

அவர்களுடைய அப்பா பச்சமுத்து சூளைக்குத் தீப்போடுகிறவர். சூளையில் பாத்திரங்களை அடுக்கிய பிறகு வாசலைச் செங்கல் வைத்துச் சேறு பூசி அடைத்துவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, முகத்தின் உயரத்துக்கு ஒரு செங்கல் அளவு ஓட்டை மட்டும் விடுவார்கள். அதற்குப் பார்வை ஓட்டை என்று பெயர். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம், அவர் அந்த ஓட்டையில் கண்ணை வைத்து நிற்பதை விருத்தகிரி பார்த்திருக்கிறான். வெளிச்சம் அவருடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழும். உள்ளே பாத்திரம் வெந்ததா வெடித்ததா என்று பையனுக்குத் தெரியாது. அப்பாவின் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவரோ சட்டென்று முகத்தில் எதையும் காட்டுகிற ஆள் இல்லை. தூசி நெஞ்சில் இறங்கி இருமி இருமிச் சாகும்போதுகூட அப்படித்தான் கிடந்தார்.

தம்பி படம் எடுக்க வந்ததும் இதையே பிடித்துக்கொண்டான். பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டவே மாட்டான். கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறவனின் முகத்தைக் காட்டுவான். காட்டிக்கொண்டே இருப்பான். பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. “காட்டித் தொலையேண்டா” என்று டிவியைத் திட்டுவார்கள். அவன் காட்ட மாட்டான். பிறகு பண்ருட்டி, திட்டக்குடி, உளுந்தூர்ப்பேட்டை என்று எந்த ஊர்க் கேபிளில் மர்மப் படம் எடுத்தாலும் இதே மாதிரி எடுக்க ஆரம்பித்தார்கள். கேமராக்காரர்கள் அதற்கு ‘ஓட்டை ஷாட்டு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு சீரியல் கம்பெனிக்காரர் ராஜாங்கத்துக்குப் போன் செய்து, அந்த ஷாட்டை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டாராம். ராஜாங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு விருத்தகிரியைக் கூப்பிட்டுக் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னார்.

படப்பிடிப்பில் அவன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால், அவன் கையைத் தூக்கும் வரை ஒருவரும் மூச்சு விடக் கூடாது. சத்தம் போட்டவர்களுக்கு அன்றைக்கு அவனிடம் பேச்சே கிடையாது. நீலாவதியின் வேலை, எது எதற்குப் பிறகு எது என்று மனசில் வைத்துக்கொள்வது. நேற்று டார்ச் லைட் எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனாவது பித்தான் கழன்றிருந்தது, எல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும். கைப்பிடி ஒட்டுகிற வேலைக்கு இருக்க வேண்டிய கண் அது. ஒரு நூல் சாய்ந்தாலும் தெரிந்துவிடும்.

எல்லாப் படத்திலும் நடித்தவன் பாலகிருஷ்ணன். விருத்தகிரியோடு பள்ளிக்கூடம் போனவன். பச்சமுத்துவுக்குப் பிறகு அதே சூளையில் தீப்போடுகிற வேலைக்கு வந்தவன். ஒல்லி உடம்பு, பெரிய கண். பீடி இல்லை, குடி இல்லை. “உனக்கு வசனம் வராது, ஆனா மூஞ்சி இருக்குது” என்று சொல்லித்தான் விருத்தகிரி அவனைப் படத்துக்கு இழுத்தான். “பொண்டாட்டியும் அதத்தான் சொல்றா. ஆனா அவ சொல்றப்ப வேற அர்த்தம்” என்பான் பாலகிருஷ்ணன், மனைவி வாசுகியைப் பற்றி.

எட்டாவது படத்துக்கு ‘உள்ளே ஆள்’ என்று பெயர் வைத்தார்கள். கூட வேலை பார்க்கிறவனையே சூளைக்குள் வைத்து அடைத்துவிடுகிற கதை. இந்த முறை ராஜாங்கம் நீலாவதியின் முன்னாலேயே வாக்குக் கொடுத்தார். “ஏம்மா, நீயே சாட்சி. இந்தப் படத்துல ‘இயக்கம் விருத்தகிரி’ன்னு தனி கார்டு. திரை பூரா எழுத்து. போதுமா?” நீலாவதிக்கு அன்று வேலையில் கை ஓடவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து சுதந்திர தினம் என்பதால் கூடங்களுக்கெல்லாம் விடுமுறை. குருமூர்த்தி என்பவரின் கூடத்தில் இரண்டு சூளைகள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே புகைபோக்கி. ஒரு சூளையில் பாத்திரங்களை எடுத்து முடித்துக் காலியாக இருந்தது. அடுத்ததில் முந்தின நாள்தான் தீயை நிறுத்தியிருந்தார்கள். அடுப்பு வாய்களில் கரி இன்னும் கனிந்துகொண்டிருந்தது. குருமூர்த்தி சாவியைப் பாலகிருஷ்ணனிடமே கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ராஜாங்கம் காலையில் வந்து தேங்காய் உடைத்துவிட்டுக் கடலூருக்குக் கிளம்பினார். விருத்தகிரி, நீலாவதி, பாலகிருஷ்ணன் மூன்று பேர்தான் மிச்சம்.

பாலகிருஷ்ணன் காலிச் சூளைக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. அண்ணாந்து பார்த்தான். புகை இல்லை. சூளைக்காரனுக்குத் தெரிந்த ஆபத்து இரண்டுதான், ஒன்று சூடு, இன்னொன்று புகை. இரண்டும் இல்லையென்றால் அது வீட்டுக் கூடம் மாதிரி. “மாப்ள, உள்ள பாய் போட்டுப் படுக்கலாம்டா” என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

அவனை உள்ளே நிறுத்தி வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நீலாவதி சேறு பூசினாள். பார்வை ஓட்டைக்கு நேரே விருத்தகிரி கேமராவை வைத்தான். காதில் மாட்டிக் கேட்டதும் முகம் சுளித்தான். புகைபோக்கி காற்றை இழுக்கிற சத்தம், ஊ என்று, மைக்கில் நன்றாக விழுந்தது.

“என்னாடா இது, ரயில் போற மாரி இருக்குது. அத நிறுத்த முடியாதா?”

“டேம்பர எறக்குனா நின்னுடும்” என்றான் பாலகிருஷ்ணன் உள்ளேயிருந்து.

டேம்பர் என்பது புகைபோக்கியின் அடியில் காற்றுப் பாதையை மூடுகிற இரும்புத் தகடு.

“அப்ப எறக்கு.”

“பக்கத்துச் சூளைல கரி கெடக்குது.”

“பொக வருதா?”

“பொக இல்ல. வெறும் கங்குதான்.”

“அப்புறம் என்னா? எறக்குடா, வெளிச்சம் போயிடும்.”

பாலகிருஷ்ணன் ஆள் நுழையும் அளவுக்குச் செங்கல்லை எடுத்து வெளியே வந்து, அவனே சங்கிலியை அவிழ்த்துத் தகட்டை இறக்கினான். சத்தம் நின்றது. மறுபடி உள்ளே போனான். மறுபடி அடைத்தார்கள். மேலே போக வழி இல்லாமல் பக்கத்துச் சூளையின் வாயு தரைக்கடியில் உள்ள பாதை வழியாக இந்தச் சூளைக்குள் திரும்பியது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கனிகிற கரிதான் அதை அதிகம் கக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பிறகுதான் இவர்களுக்குத் தெரியும்.

இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். முகம் ஓட்டைக்கு வர வேண்டும். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். செங்கல்லை மூன்று தரம் தட்ட வேண்டும். பதில் வராமல் மெல்லச் சரிய வேண்டும். இரண்டாம் ஒத்திகை முடிந்ததும் ஓட்டை வழியாகப் பாலகிருஷ்ணன் சொன்னான்.

“தல வலிக்குது மாப்ள.”

“காலைல சாப்டியா?”

“வாசுகி கொழுக்கட்ட குடுத்தா. அதத் தின்னா தல என்னா, எல்லாந்தான் வலிக்கும்.”

“டீ வாங்கித் தரேன். இந்த ஒரு ஷாட்டு.”

கேமரா ஓடியது. முகம் ஓட்டைக்கு வந்தது. அவன் கையில் பிடித்திருந்த டார்ச்சின் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது. பாலகிருஷ்ணனின் பெரிய கண்கள் வெளியே பார்த்தன. ஆனால் எதையும் பார்க்காத பார்வை. வாய் லேசாகத் திறந்தது. அப்படி ஒரு முகத்தை ஏழு படங்களிலும் அவன் கொடுத்ததில்லை. விருத்தகிரி கேமராவோடு ஒட்டிக்கொண்டு நின்றான். முகம் மெல்ல, மிக மெல்லச் சரிந்தது. வெளிச்சம் ஒருமுறை சுழன்று கீழே போயிற்று. விருத்தகிரி கையைத் தூக்கவில்லை. வெறும் ஓட்டையையே எடுத்துக்கொண்டிருந்தான்.

நீலாவதி மனசுக்குள் வரிசையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முகம். பார்வை. தட்டு. சரிவு. தட்டு எங்கே? இவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். மூன்று தரம் தட்டச் சொன்னால் மூன்று தரம் தட்டுவான், நாலாவது கிடையாது. தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“டேய்! அவன் தட்டவே இல்லடா!”

விருத்தகிரி சுருக்கென்று திரும்பினான். “அக்கா! கெடுத்துட்டியே! இனிமே இப்படி வருமா?”

அவள் அதற்குள் செங்கல்லைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு நகம் பிய்ந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவன் கேமராவை விட்டான்.

பாலகிருஷ்ணனின் முகம் செக்கச்செவேல் என்று, வெயிலில் விளையாடிவிட்டுத் தூங்குகிற குழந்தையைப் போல இருந்தது. அந்தச் சிவப்பும் அந்த வாயுவின் வேலைதான் என்று தெரியாத நீலாவதிக்கு, அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நம்பிக்கைகூட வந்தது. ஆட்டோவில் அவன் தலை அவள் மடியில் கிடந்தது. ஜங்ஷன் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள்.

மறுநாள் உடலை வாங்கி எரித்தார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்புவதற்குள்ளேயே, சாவு வீட்டில் வேறொரு பேச்சு வந்துவிட்டது. லீவு நாளில் குடித்துவிட்டுச் சூளைக்குள் போய்ப் படுத்துவிட்டானாம். பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கிறவர்களுக்கே தெரியவில்லை. வாசுகி தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

“அவரு என்னிக்குக் குடிச்சாரு? அக்கா, நீ கூட இருந்தியே. எதுக்குப் போனாரு அவரு? படுக்கவா போனாரு? நீ சொல்லு.”

அத்தனை பெண்களும் நீலாவதியைப் பார்த்தார்கள்.

“ஷூட்டிங்குக்குத்தான் போனான்” என்றாள் நீலாவதி. “எங்கூடத்தான் இருந்தான். டீகூடக் குடிக்கல.”

அந்த வார்த்தை ராஜாங்கத்தின் காதுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. பொழுது விடிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

“தம்பி, நல்லாக் கேட்டுக்க. ஸ்டேஷன்ல இன்னிக்கு உன்னக் கூப்புடுவாங்க. ஷூட்டிங்கே நடக்கல. அவன் சூளயச் சுத்தம் பண்ணப் போனான், டேம்பர எறக்குனான், மாட்டிக்கிட்டான். அவந்தான எறக்குனான்? அது பொய்யா?”

ராஜாங்கம் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

“நீ யாரு அங்க? ஏழு படத்துலயும் யாரு பேரு இருக்குது? எம்பேரு. உம்பேரு ஒரு எடத்துல காட்டு பாக்கலாம். ஒண்ணு கெடையாது. எம்பேர வெச்சு என்னத்தான் கேப்பாங்க, நான் கடலூர்ல இருந்தேன், அதுக்கு ஆள் இருக்குது. உன்ன ஒருத்தனும் தொட முடியாது.”

“வாசுகிகிட்ட என்னா சொல்றதுங்க?” என்றாள் நீலாவதி.

“நீ செத்த வாய மூடும்மா. நேத்து பேசுனதே போதும். ஒம் தம்பி உள்ள போவணுமா?” பிறகு குரலை இறக்கிக்கொண்டார். “இந்தச் சூடு ஆறட்டும் தம்பி. வேற கத எழுது. திரை பூரா உம்பேரு போடறேன். இந்தத் தடவ எழுதியே குடுக்கறேன்.”

அவர் எழுந்து போனார். அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நீலாவதி தம்பியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தவள், பெயர் இல்லாமல் போனதே நல்லது என்று முதல் தடவையாக நினைத்தாள். நினைத்தவள், தம்பியின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“அவரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குதுடா. அவனாத்தான எறக்குனான்.”

“நாந்தான எறக்கச் சொன்னேன்.”

“அத யாரு கேட்டா? நானும் நீயுந்தான்.”

“அவன் கரி கெடக்குதுன்னு சொன்னான்க்கா. தல வலிக்குதுன்னு சொன்னான். ரெண்டு தரம் சொன்னான். நான் ஷாட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்.” அவன் அழவில்லை. “அவன் சாவறத நான் நல்லா இருக்குதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

நீலாவதி எழுந்து, ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொள்ளக் கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்தாள். கொடுப்பதா, மறுபடி போடுவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனே வந்து வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் போட்டார்கள். இரண்டு வருஷமாகியும் வழக்கு முடியவில்லை. வாய்தா உள்ள நாளில் விருத்தகிரி கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய் நிற்கிறான். இப்போது களிமண் லாரியில் சுமை இறக்குகிறான். கேமராவை ராஜாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டார். டேப் என்ன ஆயிற்று என்று தெரியாது, அவன் கேட்கவும் இல்லை. வாசுகி அவனோடு பேசுவதில்லை. அவளுக்குக் கூடத்திலிருந்து நஷ்டஈடு கிடைத்தது, குடித்துவிட்டுச் செத்தவன் என்ற பேச்சும் நின்றது. ஆனாலும் அவள் பேசுவதில்லை. அது அவளுடைய நியாயம். அக்கம்பக்கத்துக் கேபிள்களில் இன்னமும் ஓட்டை ஷாட்டு வருகிறது. வந்தால் நீலாவதி எழுந்து போய்விடுவாள்.

அன்று ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிய ஏட்டு வயசானவர், நிதானமாக எழுதுகிறவர். நடந்ததை எல்லாம் விருத்தகிரி வரிசையாகச் சொன்னான். தகட்டை இறக்கச் சொன்னது தான்தான் என்று சொன்னபோது, அவர் பேனாவை நிறுத்தினார்.

“தம்பி, நீ கேட்டுத்தான் அவன் எறக்குனான்னு சொல்ற. எழுதுனா எழுதுனதுதான். தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“தொழில் என்னான்னு போட? கேமராமேனா?”

“இல்லீங்க. டைரக்டர்.”

“எந்தப் படத்துக்கு?”

“எட்டுப் படத்துக்குங்க. இதோட சேத்து.”

ஏட்டு சுவரோரம் நின்ற நீலாவதியை ஏறிட்டுப் பார்த்தார். நிஜமா என்று கேட்கிற பார்வை. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் எழுதி முடித்து, முழுவதையும் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். விருத்தகிரி குனிந்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். கீழே இயக்குநர் என்றும் எழுதினான். தான் செய்த வேலைக்குக் கீழே அவன் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை.